செடிக்கு ஏற்ற கட்டு

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சிற்றூர்களில் கொடிப்பந்தல் பழக்கமான காட்சியாகும். பாகல், பீர்க்கு, புடல், சுரை, அவரை முதலியவை பந்தலில் படர்ந்து காய்க்கின்றன. பலமனேர், வி.கோட்டா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் தக்காளிச் செடிகள் கோல்களில் கட்டப்பட்டு வரிசையாக நிற்கின்றன. 2022ஆம் ஆண்டு மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி, நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. அங்கு வந்து குவியும் பழங்களுள் பல, கோலையும் கயிற்றையும் நம்பி விளைந்தவையே.

பந்தலுக்குத் தூண் எது, கம்பி எது என்று எண்ணிப் பார்ப்பவர் பலர். செடியையும் கோலையும் இணைக்கும் சிறு கட்டினைப் பற்றி எண்ணுபவர் சிலரே. கையில் கிடைத்த கயிற்றால் கட்டிவிடுவது வழக்கம். ஆயினும், செடியின் தண்டைத் தொடுவது தூணும் அன்று, கம்பியும் அன்று, அந்தக் கட்டுத்தான். அது பொருந்தாததாக இருந்தால், தாங்க வேண்டிய கட்டே செடியை வருத்தும்.

எந்தச் செடிக்குக் கட்டு வேண்டும்?

ஏறிப் படரும் செடிகள் எல்லாம் ஒரே முறையில் ஏறுவதில்லை. அவரைக் கொடி தன் தண்டினாலேயே கோலைச் சுற்றிக்கொண்டு மேலே செல்லும். பாகல், பீர்க்கு, சுரை போன்றவை பற்றுக்கம்பிகளால் பிடித்துக்கொண்டு ஏறும். வெற்றிலைக் கொடி, கணுக்களில் தோன்றும் பற்றுவேர்களால் மரத்தைப் பற்றிக்கொள்ளும். தக்காளிக்கு இவற்றுள் எந்த வசதியும் இல்லை. அதன் தண்டு மென்மையானது. காய்ப் பாரம் ஏறியதும் தரையில் சாய்ந்துவிடும்.

ஆகவே கட்டின் வேலையும் செடிக்குச் செடி மாறுகிறது. அவரைக்குத் தொடக்கத்தில் வழிகாட்டினால் போதும். பாகலுக்கும் பீர்க்குக்கும் தரையிலிருந்து பந்தலை எட்டும் வரை ஏறிச் செல்ல ஒரு கயிறு வேண்டும். பந்தலை அடைந்த பின் அவை தம்மைத் தாமே தாங்கிக்கொள்ளும். வெற்றிலைக்கு, புதிதாக வளரும் பகுதி வேர் ஊன்றிப் பற்றும் வரை கட்டு வேண்டும். தக்காளிக்கோ நட்ட சில வாரங்களில் தொடங்கி அறுவடை முடியும் வரை கட்டு வேண்டும். கட்டு எத்தனை நாள் நிலைக்க வேண்டும் என்பதை அறிந்தால், பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

பற்றுக்கம்பி கற்பிக்கும் பாடம்

இயற்கை அமைத்த கட்டு ஒன்றை உற்றுநோக்கினால் நல்ல கட்டின் இலக்கணம் விளங்கும். பாகற்கொடியின் பற்றுக்கம்பி காற்றில் மெல்ல அசைந்து, தொடும் பொருளைப் பற்றி அதனைச் சுற்றிக்கொள்கிறது. பிறகு, பற்றிய இடத்துக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட பகுதி சுருள்வில்லைப் போலச் சுருள்கிறது. கொடி தாங்குகோலை நெருங்கி வருவதுடன், காற்று வீசும்போது அந்தச் சுருள் நீண்டு கொடுத்து மீண்டும் சுருங்குகிறது. இதனால் கொடி அறுந்துபோவதில்லை.

ஆங்கில இயற்கை அறிஞர் சார்லஸ் டார்வின் ஏறுகொடிகளின் அசைவுகளைப் பல மாதங்கள் ஆராய்ந்து 1865ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்; 1875இல் அதனை விரித்து நூலாக்கினார். சுருண்ட பற்றுக்கம்பி, புயலிலும் கொடியைக் காக்கும் நெகிழ்வு உடையது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கோலை இறுகப் பிடிக்க வேண்டும். செடியை இறுக்காமல் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். மனிதர் போடும் கட்டுக்கும் இதுவே இலக்கணம்.

கட்டு இறுகினால் நேர்வது

வளரும் செடியின் தண்டு நாளுக்கு நாள் பருக்கிறது. கட்டிய நாளில் தளர்வாகத் தோன்றிய கயிறு, ஒரு மாதத்தில் தண்டை நெரிக்கலாம். மெல்லிய கயிறாக இருந்தால் தண்டின் தோலை அறுத்து உள்ளே புதைந்துவிடும். அந்தப் புண் வழியே பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழையும். பலத்த காற்று வீசும்போது தண்டு சரியாக அந்த இடத்தில் முறியும்.

மரங்களில் இந்தத் தீங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். வேர் உறிஞ்சும் நீர், மரத்தின் உட்பகுதியாகிய கட்டைத் திசு வழியே மேலே செல்கிறது. இலைகள் தயாரிக்கும் உணவு, பட்டையை ஒட்டிய திசு வழியே கீழே இறங்குகிறது. இறுகிய கட்டு முதலில் பட்டைப் பகுதியையே நெரிப்பதால், உணவு இறங்கும் வழி அடைபடுகிறது. கட்டுக்கு மேலே தண்டு வீங்குகிறது. கீழே வேர்கள் பட்டினியால் நலிகின்றன. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பீகி மரப்பட்டையை வளையமாக நீக்கி, அதன் மேற்புறம் வீங்குவதைக் கண்டு பதிவு செய்தார்.

மாமரங்களுக்குப் பெயர்பெற்ற சித்தூர்ப் பகுதியின் நாற்றுப் பண்ணைகளில் இந்த உண்மை நடைமுறையில் பயன்படுகிறது. ஒட்டுக் கட்டும்போது இரு தண்டுகளையும் நெகிழித் தாளால் இறுகச் சுற்றுவர். ஒட்டு கூடிய பின் அந்தத் தாளைத் தவறாமல் அவிழ்த்துவிட வேண்டும். மறந்துவிட்டால், இணைத்து வைத்த தாளே கன்றின் கழுத்தை நெரிக்கும்.

நார் வகைகள்

வாழைநார்: தென்னாட்டில் பழங்காலம் முதல் பயன்பட்டு வரும் கட்டுப்பொருள் இது. வாழைத்தண்டின் வெளிமடலை உலர்த்தி, நீளவாக்கில் கிழித்து நாராக்குவர். காய்ந்த நார் ஒடியும். சிறிது நேரம் நீரில் ஊறவைத்தால் துவளும். பூ கட்டுவோர் நாரை நனைத்தே வைத்திருப்பதன் காரணம் இதுவே. மலரின் மெல்லிய காம்பை அறுக்காமல் பிடிக்கும் நார், செடியின் இளந்தண்டையும் அறுக்காது. பட்டையாக இருப்பதால் தண்டின் மீது விழும் அழுத்தம் பரவிவிடுகிறது. வெயிலிலும் மழையிலும் சில வாரங்களில் வலுவிழந்துவிடுவது இதன் குறை. நாற்றுப் பருவத்துக்கும், குறுகிய காலக் கட்டுக்கும் இது மிகப் பொருத்தமானது.

கோரை: நீர்நிலை ஓரங்களில் வளரும் கோரைப்புல்லை உலர்த்திக் கட்டுவதற்குப் பயன்படுத்துவர். தமிழ்நாட்டின் வெற்றிலைக் கொடிக்கால்களில், அகத்தி மரத்தோடு வெற்றிலைக் கொடியை வாழைநாராலோ கோரையாலோ 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் தளர்வாகக் கட்டுவது முறை. கொடி வளர வளர, இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை புதிய கட்டுகள் போடப்படும். பழைய கட்டு இற்று விழுவதற்குள் பற்றுவேர்கள் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். விரைவில் மட்கும் இயல்பு இங்குக் குறையாக இல்லாமல் பயனாகவே அமைகிறது.

சணல் கயிறு: மேற்கு வங்கத்தில் மிகுதியாக விளையும் சணலிலிருந்து கிடைப்பது. மென்மையும் போதிய வலிமையும் உடையது, முடிச்சு நழுவாது. தக்காளி, வெள்ளரி ஆகியவற்றைக் கட்டவும், பாகல், புடல் கொடிகளைப் பந்தலுக்கு ஏற்றவும் ஏற்றது. தொடர்ந்து நனைந்தால் இற்றுப்போகும். ஆகவே மழைக்காலப் பயிருக்கு இரு புரிகளாக முறுக்கியோ தடித்த கயிறாகவோ பயன்படுத்த வேண்டும்.

தென்னங்கயிறு: தேங்காய் நாரில் லிக்னின் என்னும் கடினப் பொருள் மிகுதி. அதனால் இது நீரில் எளிதில் மட்காது. ஆனால் சொரசொரப்பானது, காற்றில் அசையும் இளந்தண்டை உராய்ந்து புண்ணாக்கும். கோலையும் கோலையும் சேர்த்துக் கட்டுவதற்கும், கொடி ஏறும் கயிறாகத் தொங்கவிடுவதற்கும் இது நல்லது. தண்டைச் சுற்றிக் கட்ட நேர்ந்தால், இடையில் துணி வைத்துக் கட்டலாம்.

பழந்துணி: கிழிந்த வேட்டி, பருத்திச் சேலை ஆகியவற்றை இரண்டு விரல் அகலத்தில் கிழித்துக் கொண்டால் செலவில்லாத கட்டு கிடைத்துவிடும். அகலமும் மென்மையும் உடைய துணி, காய்ப் பாரம் மிகுந்த கிளைகளைத் தாங்குவதற்கு ஏற்றது. துணி பருத்தியாக இருக்க வேண்டும். செயற்கை இழைத் துணி மட்காது.

நெகிழிக் கயிறும் கம்பியும்

நெகிழிக் கயிறு மலிவானது, இலேசானது, நனைந்தாலும் வலிமை குறையாது. உழவர்கள் அதனை நாடுவதற்கு இவை தக்க காரணங்களே. எனினும் அதன் குறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். மெல்லிய நெகிழி இழை தண்டை அறுக்கும். வெயிலின் புறஊதாக் கதிர்கள் படப்பட, சாதாரண நெகிழிக் கயிறு நொறுங்கித் துண்டுகளாகும். நொறுங்கினாலும் அது மட்குவதில்லை. சிறு சிறு இழைகளாக மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி பந்தலின் கூரைக்கும், கோல்களுக்கு இடையே கட்டும் வரிசைகளுக்கும் சிறந்தது. கருங்கல் தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல் பல ஆண்டுகள் நிலைக்கும். ஆனால் கம்பியைத் தண்டில் சுற்றுதல் கூடாது. அது நெகிழ்ந்து கொடுக்காது. கடும் வெயிலில் சூடேறித் தண்டைச் சுடும். பந்தலுக்குக் கம்பி, செடிக்கு நார் என்று பிரித்துக்கொள்வதே அறிவுடைமை.

ஓர் ஏக்கர் தக்காளியின் கணக்கு

ஒரு கட்டுக்கு வேண்டிய கயிறு மிகச் சிறிது. தோட்டம் முழுவதற்கும் கணக்கிட்டால் அளவு வியப்பூட்டும். வரிசைக்கு வரிசை 4 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விட்டால், ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 7,260 செடிகள் நிற்கும். ஒவ்வொரு செடிக்கும் மூன்று கட்டுகள், ஒவ்வொரு கட்டுக்கும் ஓரடிக் கயிறு என்று கொண்டால், ஒரு பருவத்துக்கு 21,780 அடிக் கயிறு வேண்டும். இது 6.6 கிலோமீட்டர் நீளமாகும். அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் நடைபாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். இரண்டு பருவங்களில் ஓர் ஏக்கருக்குப் பயன்படும் கயிறு, அந்தப் பாதையைவிட நீளமானது.

அறுவடை முடிந்ததும் இத்தனை கயிறும் என்ன ஆகிறது? கோல்களை அடுத்த பயிருக்காகப் பிடுங்கி அடுக்குவர். கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சேர்க்க ஆள்கூலி மிகுதியாகும் என்பதால், அவை பெரும்பாலும் காய்ந்த செடியோடு நிலத்தில் விடப்படுகின்றன. பின்னர் அந்த நிலத்தில் மாடுகள் மேய்கின்றன. தழையோடு விழுங்கிய நெகிழி இழை செரிக்காது. முதல் இரைப்பையில் திரண்டு, நாளடைவில் உணவு செல்லும் வழியை அடைத்துவிடும். குட்டை உருவத்தால் புகழ்பெற்ற புங்கனூர்ப் பசு தோன்றிய மண் இது. பால் வருவாயை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த பகுதியில், ஒரு மாட்டின் இழப்பு கயிற்றில் மிச்சப்படுத்திய பணத்தைவிட மிகப் பெரியது. நாரோ சணலோ ஆனால், உழுதவுடன் மண்ணோடு மண்ணாகிவிடும்.

செலவுக் கணக்கில் மற்றொரு சிக்கலும் உண்டு. கோலுக்கும் கயிற்றுக்கும் கூலிக்கும் உரிய பணத்தை உழவர் முன்னதாகவே செலவிட வேண்டும். விலை என்னவாகும் என்பது அப்போது தெரியாது. 2023ஆம் ஆண்டு ஜூலையில் மதனப்பள்ளிச் சந்தையில் தக்காளி கிலோ 200 ரூபாயை ஒட்டி விற்றது. வேறு சில மாதங்களில் பறிகூலிக்கும் கட்டாத விலைக்கு விழுந்து, பழங்கள் சாலையோரம் கொட்டப்படுவதும் உண்டு. அதனால்தான் மலிவான கயிறு உழவரை ஈர்க்கிறது. வீட்டு வாழையின் நாரும் பெட்டியில் கிடக்கும் பழந்துணியும் சிறு தோட்டத்துக்குச் செலவே வைப்பதில்லை. பெரிய தோட்டத்தில், இளஞ்செடிக்கு நாரும், பாரம் தாங்கும் மேற்கட்டுக்குச் சணலும் என்று பகுத்துப் பயன்படுத்தினால் செலவு அடங்கும். நெகிழிக் கயிறே பயன்படுத்த நேர்ந்தாலும், தடித்த கயிற்றைத் தேர்ந்தெடுத்து, அறுவடைக்குப் பின் சேகரித்து அகற்றுதல் வேண்டும்.

கட்டும் முறை

நல்ல பொருளும் தவறாகக் கட்டினால் பயன் தராது. எட்டு வடிவக் கட்டே செடிகளுக்கு உகந்தது. கயிற்றை முதலில் கோலில் நழுவாதபடி இறுகச் சுற்ற வேண்டும். பின்பு இரு முனைகளையும் குறுக்காக மாற்றி, தண்டைத் தளர்வாக வளைத்து முடிச்சிட வேண்டும். தண்டுக்கும் கட்டுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடம் இருத்தல் வேண்டும். கயிறு நடுவில் குறுக்காகச் செல்வதால் தண்டு கோலில் உராய்வதில்லை.

இலைக்காம்பு தோன்றும் கணுவுக்குக் கீழே கட்டினால் தண்டு நழுவாது. பூங்கொத்துக்கு நேர் கீழே கட்டுதல் கூடாது. காய்ப் பாரத்தால் கொத்து கட்டின் மீது மடங்கி ஒடியும். விடியற்காலையில் தண்டில் நீர் நிறைந்திருப்பதால் வளைத்தால் முறியும். வெயில் ஏறிய பின் தண்டு சற்றுத் துவளும் வேளையே கட்டுவதற்கு ஏற்றது. இலைகள் நனைந்திருக்கும்போது செடிகளைத் தொட்டால் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும்.

தக்காளியைத் தாக்கும் சில வைரசு நோய்கள் கையாலும் கருவியாலும் பழைய கயிற்றாலும் பரவக்கூடியவை. எனவே நோயுற்ற தோட்டத்தின் கட்டுகளை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது. கட்டிய பின் வாரம் ஒருமுறை வரிசைகளைப் பார்வையிட்டு, இறுகிய கட்டைத் தளர்த்தியும் இற்ற கட்டை மாற்றியும் வர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்தப் பார்வையிடல் இன்றியமையாதது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரின் தாழ்வான பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அவ்வாண்டு தக்காளி வரத்துக் குறைந்து விலையும் ஏறியது. வெள்ளத்தை எந்தக் கயிறும் தடுத்துவிடாது. ஆயினும், சாதாரண மழையில் தரையில் சாய்ந்த செடியின் பழங்கள் சேற்றில் பட்டு அழுகும்போது, கட்டில் நிமிர்ந்து நிற்கும் செடியின் பழங்கள் தப்புகின்றன.

தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

எந்தச் செடியைக் கட்டும் முன்னும் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும். கட்டு எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்? எத்தனை நாள் நிலைக்க வேண்டும்? தண்டை அறுக்காத அகலமும் மென்மையும் அதற்கு உண்டா? பயிர் முடிந்த பின் அது மண்ணில் என்ன ஆகும்? இந்த நான்கில் முதல் இரண்டு வினாக்களை எல்லாரும் கேட்கின்றனர். மூன்றாவது செடியின் நலத்தையும், நான்காவது மண்ணின் நலத்தையும் காக்கும். செடி வாழும் காலம் வரை உறுதியாக நின்று, செடியோடு தானும் மட்கிப்போகும் கட்டே சிறந்த கட்டு.

தெரிந்துகொள்வோம்

தமிழில் நார் என்பது தெலுங்கில் நார என்றும், பந்தல் என்பது பந்திரி என்றும் வழங்கும். தேங்காய் நாருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'காயர்' என்னும் பெயர், கயிறு என்னும் சொல்லின் மலையாள வடிவத்திலிருந்து சென்றதாகும்.

சொல்லும் பொருளும்

பற்றுக்கம்பி – கொடி பற்றி ஏற உதவும் சுருள் உறுப்பு
கொடிக்கால் – வெற்றிலைத் தோட்டம்
கணு – தண்டில் இலை தோன்றும் இடம்
நலிதல் – மெலிதல்
இற்றுப்போதல் – நைந்து அறுதல்
புரி – கயிற்றின் முறுக்கிய இழை
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. வெற்றிலைக் கொடி ________ களால் மரத்தைப் பற்றிக்கொள்ளும்.
2. தேங்காய் நாரில் ________ என்னும் கடினப் பொருள் மிகுதி.
3. தண்டுக்கும் கட்டுக்கும் இடையே ________ நுழையும் இடம் வேண்டும்.

ஆ. பிரித்து எழுதுக.
கொடிப்பந்தல், மேட்டுநிலம், தென்னங்கயிறு, பூங்கொத்து

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வாழைநாரை நனைத்துப் பயன்படுத்துவது ஏன்?
2. தக்காளிக்குக் கட்டு மிகுதியாகத் தேவைப்படுவதன் காரணம் யாது?
3. வெற்றிலைக் கொடிக்காலில் கட்டு விரைவில் மட்குவது எவ்வாறு பயனாகிறது?

ஈ. விரிவான விடை எழுதுக.
1. இறுகிய கட்டினால் செடிக்கும் மரத்துக்கும் நேரும் தீங்குகளை விளக்குக.
2. நெகிழிக் கயிற்றை உழவர் நாடுவதற்கான காரணங்களையும், அதனால் விளையும் கேடுகளையும் ஒப்பிட்டு எழுதுக.

உ. செயல்பாடு
வாழைநார், சணல், பருத்தித் துணி, நெகிழிக் கயிறு ஆகியவற்றில் ஒரே நீளமுள்ள துண்டுகளை எடுத்துக்கொள்க. அவற்றைப் பள்ளித் தோட்டத்தில் ஈரமண்ணில் புதைத்து, இரண்டு மாதங்களுக்குப் பின் தோண்டி எடுக்க. எது மட்கியது, எது மட்கவில்லை என்பதை அட்டவணையாக எழுதுக.